பதினேழாம் நாளுக்கு ஒரு பத்திரம்

ஆறாம் லயம், மேற்பிரிவு,
மடுல்சீமை.
05.02.2025

என் அக்காள் மகளும், பதுளை நகரத்துக் காப்புறுதிப் பேரரசியுமான துஷாந்திக்கு,

தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் டிரையர் அடுப்பின் முன்னால் நின்று, உலகத்தில் பாதிப் பேருக்குக் காலைத் தேநீர் அருளிய உன் மாமன் வீரபுத்திரன் எழுதுவது. நான் இங்கே நலமில்லை. நலம் கெட்டதற்குக் காரணம் நீ.

உன்னோடு இனி வாயால் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று மாரியம்மன் பெயரில் சத்தியம் செய்துவிட்டேன். போன் அடித்தால் எடுக்கமாட்டேன். ஆனால் கையால் எழுதுவதைப் பற்றிச் சத்தியத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் இந்தக் கடிதம் வருகிறது. பதுளை பஸ் கண்டக்டர் இத்ரூஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூட இருக்கும் போஞ்சிக்காய் உன் அத்தை கொடுத்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகனுக்குக் காதுகுத்து. உனக்குக் கூடப்பிறந்தவன் இல்லாததால் தாய்மாமன் மடியாக என் மடியைத்தான் விரித்தீர்கள். பிள்ளை போட்ட கத்தலில் பதுளை ஸ்டேஷனில் நின்ற ரயில் நேரத்துக்கு முன்பே புறப்பட்டுவிட்டது. அதையும் பொறுத்தேன். பிறகு பந்தியில் உட்கார்ந்து, எல்லோரும் கேட்க, என் வாழ்நாள் இலட்சியத்தை வெளியிட்டேன். ஓய்வு பெற்றபோது எனக்கு வந்த சேமலாப நிதி பதினான்கு லட்சத்தையும் போட்டு நம் தோட்டத்து அம்மன் கோயிலுக்கு ஒரு தோரண வாயில். இரண்டு யானை, நான்கு சிங்கம், நடுவில் என் பெயர். ஆகாய விமானத்தில் போகிறவனும் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.

பந்தியே கைதட்டியது. நீ மட்டும் பாயசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாய்: "சரிங்க மாமா, நீங்க போயிட்டா பதினேழாம் நாளு அத்தை அந்த யானையையா சாப்பிடுவாங்க?"

மங்கல காரியத்தில், மடியில் பிள்ளையை வைத்திருந்தவனைப் பார்த்து, நீங்க போயிட்டா. நான் எங்கே போவேன்? காமன் கூத்தில் இருபத்தாறு வருடமாக எமன் வேஷம் கட்டுகிறவன். எனக்கு உயிரை எடுத்துத்தான் பழக்கம். போதாததற்கு நம் தோட்டத்து மரண சகாய சங்கத்தின் செயலாளனும் நான். மாதம் இருநூறு ரூபாய் சந்தா. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அரை மணி நேரத்தில் கூடாரம், நாற்காலி, பெட்டி, சீனி, தேயிலை. செத்தவனே எழுந்து ஒரு கோப்பை குடித்துவிட்டுப் படுக்கலாம் போலிருக்கும். இதற்கு மேல் என்ன காப்புறுதி வேண்டிக்கிடக்கிறது?

பாயசத்தைத் தொடாமல் எழுந்து வந்தேன். அது சாதாரண தியாகமல்ல. அதில் முந்திரி கிடந்தது. வீட்டுக்கு வந்தால் ஆறு கோழி இருந்தும் நாளுக்கு இரண்டு முட்டைக்கு மேல் கிடையாது. எல்லாம் சந்நியாசிக் கோழிகள். உறவும் கைவிட்டது, கோழியும் கைவிட்டது.

பேசாத உன் மாமன்,
வீரபுத்திரன்


பதுளை.
09.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போஞ்சிக்கு அத்தையிடம் நன்றி சொல்லுங்கள். உங்களுக்கு அதில் சம்பந்தமில்லை என்பதால் உங்களுக்கு நன்றி இல்லை.

கேட்ட இடம் தப்பு. பிள்ளையின் காதில் ரத்தம் காயுமுன் அந்தப் பேச்சை எடுத்திருக்கக் கூடாது. அதற்காக உங்கள் காலில் விழுகிறேன். கேட்ட கேள்விக்காக விழமாட்டேன்.

உங்கள் சங்கத்தை நான் குறைவாக நினைத்ததே இல்லை, மாமா. கம்பெனிக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது அதைத்தான் உதாரணம் சொல்கிறேன். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் போடுவது, அடிபட்ட வீட்டுக்கு மொத்தமாகக் கொடுப்பது. காப்புறுதி என்றால் அவ்வளவுதான். அதை டை கட்டாமல் இத்தனை வருடம் ஒரு சதம் பிசகாமல் நடத்துகிறீர்கள். அப்பா இறந்த அன்று பாதை உடைந்து கிடந்தது. நீங்கள் நாலு பேரோடு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தே வந்ததை அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. கூடாரக் கம்பி லொறியில் ஏறியது. சொந்தக்காரர்களும் அதே லொறியில் ஏறிப் போனார்கள். பதினேழாம் நாள் காலையில் வாசலில் யாரும் இல்லை. அம்மா அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த மூடியின் சத்தம்தான் என்னை இந்த வேலைக்கு இழுத்து வந்தது என்று நினைக்கிறேன். உங்கள் சங்கம் பதினாறு நாளைப் பார்த்துக்கொள்ளும். நான் கேட்டது அதற்கு அடுத்த நாளைப் பற்றி.

அத்தை பேர் பதியாமல் நாள்கூலிக்குக் கொழுந்து எடுத்தவர். அவருக்கென்று சேமலாப நிதி ஒரு சதம் வராது. உங்கள் இருவருக்கும் அந்தப் பதினான்கு லட்சம்தான். அது வங்கியில் யார் பேரில் கிடக்கிறது? உங்களுக்குப் பிறகு யாருக்கென்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? இந்த இரண்டுக்கு மட்டும் பதில் போடுங்கள்.

பாயசம் கொடுத்தனுப்பவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்.

அன்பு மருமகள்,
துஷாந்தி


மடுல்சீமை.
16.02.2025

சொல்லம்பு எய்யும் மருமகளுக்கு,

முதல் கேள்விக்குப் பதில்: பணம் என் பேரில் கிடக்கிறது. அரசனின் கஜானா அரசன் பேரில்தான் கிடக்கும். இரண்டாவதுக்குப் பதில்: யாருக்கும் எழுதவில்லை. எழுதச் சொல்லி வங்கியில் கேட்டார்கள். நாள் நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா வீட்டுப் பதினேழாம் நாளைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. அன்றைக்கு அந்த லொறியில் முன்சீட்டில் உட்கார்ந்து போனவன் நான்.

இனி முக்கிய விஷயம். உன் இரகசியம் வெளியாகிவிட்டது. மார்ச் முடிவதற்குள் எட்டுப் பேரைச் சேர்த்தால்தான் குழுத் தலைவி வேலை உனக்காம். இல்லாவிட்டால் அது வேறொருத்திக்காம். நீ இதுவரை சேர்த்தது ஒரே ஒருவராம். இத்ரூஸ் சொன்னான். அவனுடைய பஸ்ஸில் டிக்கட்டை விடச் செய்திதான் அதிகம் கிழிகிறது.

என் பகைவியானாலும் நீ என் இரத்தம். தோற்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பஸ்ஸில் நீ விட்டுப்போன வெற்றுப் படிவம் ஒன்று இத்ரூஸிடம் இருந்தது. அதை வாங்கி, என் திருக்கரத்தாலேயே நிரப்பி, இத்துடன் வைத்திருக்கிறேன். தொழில்: டிரையர் வேந்தர், ஓய்வு. வயது: ஐம்பத்தொன்பது, பார்த்தால் நாற்பது. உயரம்: அடிக்கணக்கில் ஐந்தரை, மனக்கணக்கில் நமுனுகலை மலை. நோய்: என்னைத் தீண்ட இதுவரை எந்த நோய்க்கும் துணிவு வரவில்லை. பின்னுரித்தாளி என்று ஒரு கட்டம் இருந்தது. நான் போன பிறகு பணத்தை வாங்குகிறவர் என்று இத்ரூஸ் விளக்கினான். அதில் உன் அத்தை இராக்கம்மாவின் பெயர்.

எட்டில் ஒன்றை நான் தந்துவிட்டேன். வாயில் கட்டும் வேலையும் நடக்கும். மேஸ்திரி படம் கீறிக்கொண்டிருக்கிறார். யானையின் முகத்தில் என் சாயல் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

பேசாத, ஆனால் கொடையில் கர்ணனான,
வீரபுத்திரன்


பதுளை.
20.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

படிவத்தைக் கிழித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கோபிக்காமல் கடைசி வரை வாசியுங்கள்.

எந்த நோய்க்கும் துணிவு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு வருடமாகச் சீனி வருத்தம் உங்களோடு குடியிருக்கிறது. கிளினிக் வரிசையில் ஒவ்வொரு முறையும் உங்கள் பக்கத்தில் நின்றவள் நான். நோய் என்றால் எமன் வேஷத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று நீங்கள் தோட்டத்தில் மறைப்பதும் தெரியும். தோட்டத்தில் மறையுங்கள். படிவத்தில் மறைக்காதீர்கள்.

பொய் எழுதிய படிவத்தையும் கம்பெனி வாங்கிக்கொள்ளும். மாதாமாதம் தவணைக் காசும் வாங்கிக்கொள்ளும். ஒருநாள் அத்தை பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். அன்றைக்குத்தான் உங்கள் கிளினிக் புத்தகத்தைக் கேட்பார்கள். முதல் பக்கத்தைப் பார்த்ததும், கொடுக்க முடியாது என்பார்கள். அதை அத்தையிடம் சொல்ல வேண்டிய ஆள் நானாக இருப்பேன்.

உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். இந்த வயதும் சீனியும் சேர்ந்தால் தவணைக் காசு உங்கள் கையிருப்பை எலி தின்பதுபோல் தின்றுவிடும். ஆகவே ஒரு முகவர் சொல்லக் கூடாததைச் சொல்கிறேன். மாமா, நீங்கள் காப்புறுதி எடுக்க வேண்டாம். உழைக்கிற கை திடீரென்று நின்றுபோனால் அந்த இடத்தை நிரப்பத்தான் காப்புறுதி. உங்கள் உழைப்பு முடிந்து மூட்டையாக வீட்டுக்கு வந்துவிட்டது. மூட்டையை ஒழுங்காகக் கட்டினால் போதும்.

ஆறு மாதச் செலவுக்கானதை நினைத்தபோது எடுக்கிற கணக்கில் போடுங்கள். மீதியை நிலையான வைப்பில் போட்டால் மாதா மாதம் வட்டி வரும். இரண்டும் இரண்டு பேர் பேரிலும் இருக்கட்டும், ஒருவர் இல்லாவிட்டாலும் மற்றவர் கையெழுத்தில் எடுக்கிற மாதிரி. கோயிலுக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அத்தையின் சோற்றில் கட்டிய வாயிலுக்குள் நுழைவாயா என்று அம்மனிடமே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

எட்டுப் பேர் விஷயம் என் கவலை. இத்ரூஸ் நானாவின் வாயைத் தைக்க ஊசி தேடுகிறேன்.

கிழித்ததில் உயரம் எழுதிய துண்டை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

துஷாந்தி


மடுல்சீமை.
03.03.2025

மருமகளே,

உப்பு விற்கிறவன் வாசலில் வந்து நின்று, ஐயா உங்களுக்கு ரத்த அழுத்தம், உப்பு வாங்காதீர்கள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அறுபது வருடத்தில் (ஐம்பத்தொன்பதுதான், ஒன்று உன் மேலுள்ள மரியாதைக்குக் கூட்டினேன்) அப்படி ஒரு வியாபாரியை இந்த மலையில் யாரும் கண்டதில்லை. கிழிந்த படிவத்தை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். நான்காம் நாள் அதை அம்மன் சந்நிதியில் வைத்து, நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அவள் வாய் திறக்கவில்லை. அவளும் என்னோடு பேசுவதில்லை என்று சத்தியம் செய்திருப்பாளோ என்னவோ. ஆனால் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்து யானையைப் பற்றிப் பேச எனக்கு நாக்கு வரவில்லை.

யானைகளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். சிங்கங்கள் ராஜினாமாக் கடிதம் தந்துவிட்டன. கோயிலுக்கு ஒரு வெண்கல மணி மட்டும். அதிலும் என் பெயர் இருக்கும், சின்னதாக. மேஸ்திரி நாலு நாளாக என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இனி நேற்றைய வரலாறு. பிள்ளை மடுவத்தில் சங்கக் கூட்டம். தொட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் சாவைப் பற்றிக் கூட்டம் போடுவது நம் தோட்டத்தில்தான் நடக்கும். எண்பது பேர் வந்திருந்தார்கள். எண்ணாயிரம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். கூத்துப் பெட்டியிலிருந்து எமன் கிரீடத்தையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு போய், பட்டப்பகலில், தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். முன்வரிசையில் லொறி ஓட்டுகிற ஜீவன்.

"டேய், வயசு என்னடா?"

"முப்பத்தொன்னுங்க சித்தப்பா."

"எத்தன புள்ள?"

"ரெண்டு."

"நாளைக்கு பசறை வளைவுல ஒன் லொறிய நான் புடிச்சு இழுத்தேன்னு வையி. பதினாறு நாளு சங்கம் பாத்துக்கும். பதினேழாம் நாளு புள்ளைக்கு பால்மா யாரு வாங்குவா?"

"என்னங்க சித்தப்பா, நல்ல நாள் அதுவுமா."

"நான் சித்தப்பா இல்லடா. எமன். எமனுக்கு ஏது நல்ல நாளு."

பின்னாலிருந்து அவன் சம்சாரம் சிவசக்தி எழுந்து நின்றாள். "எமனய்யா, இதத்தான் நான் ரெண்டு வருசமா கேக்குறேன். எனக்கு கிரீடம் இல்ல, அதனால காதுல ஏறல."

கூரைத் தகரம் பறக்கிற மாதிரிச் சிரிப்பு. சிரித்து முடித்த பிறகு ஒரு அமைதி வந்தது பார், எந்த மேடையிலும் எனக்கு அது கிடைத்ததில்லை. உன் அப்பா வீட்டுக் கதையை, பெயர் சொல்லாமல், சொன்னேன். லொறியின் முன்சீட்டில் போனது யாரென்று பெயர் சொல்லியே சொன்னேன்.

வருகிற ஞாயிறு படிவங்களோடு நீ வர வேண்டும் என்பது சங்கத்தின் ஏகமனதான தீர்மானம். உழைக்கிற வயது, கைக்குழந்தை, நோய் இல்லாதவர்கள் மட்டும். மற்றவர்களை நானே வடிகட்டுகிறேன். நானும் அங்கே இருப்பேன். பேசமாட்டேன். சத்தியம் சத்தியம்தான்.

வீரபுத்திரன்


பதுளை.
11.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஏழு பேர் கையெழுத்து வைத்தார்கள். ஏற்கெனவே இருந்த ஒருவரோடு எட்டு. இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன். அவர்களுக்கு வட்டிக் கடன் கழுத்தில் இருக்கிறது, முதலில் அதை அடைத்துவிட்டு வரச் சொன்னேன். நீங்கள் புருவத்தைத் தூக்கியதைப் பார்த்தேன். அது எரிச்சலா மெச்சலா என்று, அன்றைக்கும் நீங்கள் வைத்துக்கொண்டு வந்த எமன் கிரீடத்தின் மினுக்கத்தில் தெரியவில்லை.

மூன்று மணி நேரம் நீங்கள் என்னோடு பேசவே இல்லை. "இராக்கம்மா, அவகிட்ட சொல்லு, டீ ஆறுதுன்னு." "இராக்கம்மா, அவகிட்ட சொல்லு, அந்தப் பையன் பீடி குடிக்கிறவன், கட்டத்துல எழுதச் சொல்லு." ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அத்தையைத் தந்திக் கம்பியாக்கிவிட்டீர்கள். இந்த வேலையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். ஒரு தோட்டத்தையே இப்படி உட்கார்ந்து யோசிக்க வைத்த ஆளை நான் பார்த்ததில்லை. சிரிக்க வைத்து யோசிக்க வைத்தீர்கள். எனக்கு அது வராது. நான் காதுகுத்துப் பந்தியில் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

இருபதாம் திகதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பதுளை வங்கிக்கு வாருங்கள். அத்தையையும் கூட்டிவர வேண்டும். இருவரின் அடையாள அட்டை, உங்கள் வங்கிப் புத்தகம். எனக்கு அன்றைக்குத் தெமோதரையில் வேலை, வர முடியாது. வராமலிருப்பதும் நல்லதுதான்.

அத்தையின் துணிப் பையையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்வது என் தொழிலில் இல்லை, கேட்பவர் புருஷனாக இருந்தாலும்.

துஷாந்தி


மடுல்சீமை.
22.03.2025

துஷாந்தி,

பட்டங்கள் ஒன்றும் போடாமல் எழுதுகிறேன். தீர்ந்துவிட்டன.

வங்கியில் ஸவாஹிரா என்ற பெண், நல்ல பிள்ளை, எங்கள் இருவரையும் உட்கார வைத்தாள். நீ சொன்னபடியே எல்லாம் எழுதினாள். ஆறு மாதச் செலவு ஒரு பக்கம், மீதி வைப்பில், இரண்டு பேர் பேரில். அத்தை கையெழுத்து வைத்த அழகைப் பார்க்க வேண்டும். கொழுந்து கிள்ளுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் கிள்ளி வைத்தாள். அப்போது அந்தப் பெண் கேட்டாள், "அம்மா பேர்ல, விலாசத்தோட வந்த கடிதம் ஏதாவது இருக்கா?"

நான் சிரித்துவிட்டேன். "இவளுக்கு யாரு மிஸ் கடிதம் போடப்போறா?"

அத்தை துணிப் பையைத் திறந்தாள். சீனி உறையில் சுற்றி, ரப்பர் போட்டுக் கட்டிய, காப்புறுதிக் கம்பெனியின் ஒன்பது கடிதம். வருடத்துக்கு ஒன்று. அடியில் ஒரு பத்திரம். ஆயுள் காப்புறுதி, 2016. பெயர் இராக்கம்மா. முகவர் என்ற இடத்தில் நீ. பின்னுரித்தாளி என்ற இடத்தில், வீரபுத்திரன், கணவர்.

உன்னுடைய முதல் பத்திரம் அதுதானாம். ஒன்பது வருடம் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டா பந்தியில் எனக்குப் பாயசம் ஊற்றினாய்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டேன்.

"என்ன புள்ள இது?"

"முட்டக் காசு."

"எனக்கா?"

"வேற யாருக்கு? நான் முந்திப் போயிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? ஒரு ரொட்டி தட்டத் தெரியுமா? கடையில வாங்கித் திங்கக் காசு வேணும்ல."

இத்ரூஸ் டிக்கட் கிழிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒன்பது கடிதத்தையும் எனக்குத் தெரியாமல் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தானாம். அந்த வாயை நான் ஓட்டை வாய் என்று நினைத்திருந்தேன்.

பசறை தாண்டும் வரை அந்தப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். இருபத்தாறு வருடம் எமன் வேஷம் கட்டிய எனக்கு, என் சாவைப் பற்றிப் பேசினாலே பாயசம் கசந்தது. அவளோ தன் சாவை முட்டை முட்டையாக எண்ணி, அதற்குப் பிறகு வரும் என் பதினேழாம் நாளுக்குச் சோறு எடுத்து வைத்திருக்கிறாள். அவள் பேரில் வாயில் கட்ட வேண்டுமென்றால் நமுனுகலை மலையைத்தான் நடுவில் குடைய வேண்டும்.

இன்று காலையில் நான் ரொட்டி தட்டினேன். இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. ஊவா மாகாணம் கருகிவிட்டது. அத்தை கருகிய பக்கத்தைத்தான் முதலில் பிய்த்துத் தின்றாள். பிறகு கோழிக்கூட்டுக்குப் போய், ஆறு கோழியிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

சத்தியத்தை அம்மனிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். மணியை முன்கூட்டியே கொடுத்ததால் அவள் பேரம் பேசவில்லை. நாளை மாலை ஆறு மணிக்குத் தண்ணீர்த் தாங்கி மேட்டில் ஏறி நின்று உனக்குப் போன் எடுப்பேன். எடுத்தவுடன் அத்தையைப் பற்றி ஆரம்பித்துவிடாதே. மழை உண்டா என்று கேள், பிள்ளையின் காது ஆறிவிட்டது என்று சொல். மேட்டில் சிக்னலுக்காக எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். எமன் போனைப் பிடித்துக்கொண்டு அழுதான் என்று அடுத்த வருடக் கூத்தில் பாட்டுக் கட்டிவிடுவார்கள்.

காதுகுத்துப் பாயசத்துக்குப் பதில் இன்னொரு நாள் வைத்துத் தருவதாக அத்தையிடம் சொன்னாயாம். வேண்டாம்.

சீனி வருத்தம் உள்ள உன் மாமன்,
வீரபுத்திரன்